காது நன்றாகக் கேட்கும் பிள்ளை ஏன் காதைப் பொத்திக்கொள்கிறான்?

தண்டையார்பேட்டை சகோதரிக்கு வணக்கம். ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) இயல்பு என்று வந்த பிறகும், ஆட்டிசம் உள்ள உங்கள் ஒன்பது வயது மகன் குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவதும், எம்.சி. ரோடு நெரிசலில் நீங்கள் கூப்பிட்டால் திரும்பாமலே நடப்பதும் முரணாகத் தோன்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். முரண் ஏதுமில்லை. அந்தச் சோதனை, அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய ஒலி காதுக்கு எட்டுகிறது என்பதையே அளக்கிறது. துணிக்கடை ஒலிபெருக்கிக்கும் ஆட்டோ ஹாரனுக்கும் நடுவே உங்கள் குரலை மூளை பிரித்தெடுக்கிறதா என்பதை அது சொல்லாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இது கடினம். ஒலி முதலியவற்றுக்கான மிகை எதிர்வினையோ 2013-இல் வெளியான, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் கையேடான டிஎஸ்எம்-5 தரும் ஆட்டிசம் வரையறையிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே, "வேண்டுமென்றே செய்கிறான்" என்ற அவன் பள்ளி ஆசிரியரின் பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

எதிர்பாராமல் வரும் ஒலிதான் அதிகம் வதைக்கும் என்பதால், விசில் வருமுன் சொல்லிவிட்டு, விரும்பினால் அவன் மாடிக்குப் போகட்டும். தெருவில் சாவு மேளம் அடிக்கும்போதும், கன்டெய்னர் லாரிகள் போகும் சாலையிலும் ஒலித்தடுப்புக் காதுமூடி உதவும். ஆனால் நாள் முழுதும் மாட்டிவிடாதீர்கள், அமைதிக்கே பழகிய காதுக்குச் சாதாரண ஒலியும் பெரிதாகத் தெரியத் தொடங்கலாம். வகுப்பில் மின்விசிறிக்கும் சன்னலுக்கும் தள்ளி முன்வரிசையில் இடம் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைச் சொல்லி, பதிலுக்குச் சில நொடிகள் காத்திருந்து, வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதும்படி ஆசிரியரிடம் சொல்லுங்கள். இரைச்சலின் நடுவே பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனுக்கான சோதனை (ஸ்பீச்-இன்-நாய்ஸ் டெஸ்ட்) அவன் வயதுக்குச் செய்யக்கூடியதே. ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) அதைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.