திவாலானது கிளப், விளையாட்டு அல்ல

கேள்வி: நார்வேயின் வைப்பர்ஸ் கிறிஸ்டியான்சாண்ட், பெண்கள் ஹேண்ட்பாலில் மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன். அந்த அணியே 2025 ஜனவரியில், சீசன் பாதியில் திவாலாகிவிட்டது. பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பதில்: ஆள் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஐரோப்பிய கிளப் சாம்பியனைத் தீர்மானிக்கும் சாம்பியன்ஸ் லீகின் 2023 இறுதிப்போட்டியை, ஹங்கேரியின் புடாபெஸ்டில் உள்ள எம்விஎம் டோம் அரங்கில் 20,000 பேருக்கு மேல் பார்த்தார்கள். அதில் பெரும்பாலோர் உள்ளூர் அணியான ஃபெரென்ட்ஸ்வாரோஷுக்காகக் கத்தியவர்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவேதான் வைப்பர்ஸ் 28-24 என்று ஜெயித்துத் தொடர்ந்து மூன்றாவது கோப்பையைத் தூக்கியது. 43 வயதில் கோல்கீப்பர் கட்ரினே லுண்டேவுக்கு அது ஏழாவது சாம்பியன்ஸ் லீக் பட்டம். இப்படிப்பட்ட ஓர் அணியைப் பார்க்க ஆள் இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

சரி, அப்புறம் ஏன் திவால்? கிறிஸ்டியான்சாண்ட் லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அங்குள்ள அரங்கு சிறியது, டிக்கெட் வசூலை மட்டும் வைத்து உலகத்தரமான வீராங்கனைகளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. புடாபெஸ்ட் கூட்டத்தின் வசூலும் நேராக இந்த ஊருக்கு வந்து சேராது. ஆக, ஸ்பான்சர்களை நம்பித்தான் பிழைப்பு. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் நார்வே பெண்கள் ஹேண்ட்பாலில் தங்கம் வென்றார்கள். அப்படியிருந்தும் அக்டோபரில் வைப்பர்ஸ் திவாலின் விளிம்புக்குப் போய், கடைசி நேரத்தில் வந்த பணத்தால் தப்பியது. மூன்று மாதம்கூட அது தாங்கவில்லை. நிர்வாகம் வருமானத்துக்கு மேல் செலவு செய்தது. அதற்குத் தண்டனை அனுபவித்தவர்கள் சீசன் நடுவில் வேறு கிளப் தேட வேண்டி வந்த வீராங்கனைகள். எனக்கு இதில்தான் ஆத்திரம்.

ஹங்கேரியின் டியோர் அணியைப் பாருங்கள். பெயரிலேயே ஆடி (Audi) கார் நிறுவனம் இருக்கிறது, டியோர் ஊரில் அந்த நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலையும் இருக்கிறது. குழு விளையாட்டுகளுக்கு நிறுவனங்கள் தரும் பணத்துக்கு 2011 முதல் ஹங்கேரி அரசு வரிச்சலுகை தருகிறது. ஹேண்ட்பாலும் அதில் அடக்கம். வைப்பர்ஸ் காணாமல் போன அதே சீசனில், 2025 ஜூன் 1 அன்று, டியோர் டென்மார்க்கின் ஓடென்சேயை 29-27 என்று வீழ்த்தி ஏழாவது முறையாகச் சாம்பியன் ஆனது. அதே லீக், அதே விதிகள், ஆடியவர்களும் பெண்கள்தான்.

ஆண்கள் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பாருங்களேன். ஹாம்பர்க் அணி 2013-ல் பார்சிலோனாவை வென்று ஐரோப்பிய சாம்பியன். 2016 ஜனவரியில் பணம் இல்லாமல் ஜெர்மன் லீகிலிருந்து பாதியில் வெளியேறியது. 2012-ல் கோபன்ஹேகனின் ஏஜி அணி சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போய், சில வாரங்களிலேயே மூடப்பட்டது. அன்று யாராவது 'ஆண்கள் ஆட்டத்துக்கு ஆள் இல்லை' என்று எழுதினார்களா? முதலாளியைக் குறை சொன்னார்கள், கணக்கைக் குறை சொன்னார்கள். பெண்கள் அணி விழுந்தால் மட்டும் ஏன் விளையாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

உங்கள் கவலை நிஜமானால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2024 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் டியோரிடம் தோற்ற ஜெர்மனியின் பெண்கள் அணி பீடிக்ஹைம், பிறகு லுட்விக்ஸ்பர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2025-ல் ஜெர்மன் சாம்பியனாகி, அதே கோடையில் அதுவும் திவாலாகி லீகிலிருந்து விலகியது. ஒரே வருடத்தில் இரண்டு பெரிய கிளப்புகள்! சீசன் முழுவதற்குமான சம்பளத்துக்கு வங்கி உத்தரவாதம் காட்டாத கிளப்பைச் சாம்பியன்ஸ் லீகில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. வியன்னாவில் இருக்கும் ஐரோப்பிய ஹேண்ட்பால் கூட்டமைப்பிடம் அதைக் கேளுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.