பி.எஃப் பணத்தை எடுத்துட்டு வேற ஆஸ்பத்திரிக்கு மாறலாமா?

கேள்வி: எனக்கு 43 வயசு. திருச்சில தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். முன்னாடி ஒரு இடத்துல 8 வருஷம், இன்னொரு இடத்துல 6 வருஷம் பார்த்தேன், ரெண்டுலயும் வெளிய வந்ததும் பி.எஃப், பென்ஷன் பணம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். இங்க 4 வருஷம் 4 மாசம் ஆச்சு, பேசிக் 12,000. வேற ஆஸ்பத்திரில மாசம் 3,000 கூட தரேன்னு கூப்பிடுறாங்க. இங்க உள்ள பி.எஃப்-ஐ எடுத்தா பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு ஆகும். விலைவாசி ஏறிட்டே போகுது, மாறிடட்டுமா?

பதில்: மாறுங்க சிஸ்டர், ஆனா இப்ப வேணாம், இன்னும் 8 மாசம் பொறுங்க. 5 வருஷம் முடிஞ்சா கிராஜுவிட்டி (வேலையை விடும்போது ஆஸ்பத்திரி தர்ற பணிக்கொடை) உண்டு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு உங்க பேசிக்குக்கு சுமார் 34,600 வரும். இந்த 8 மாசத்துல நீங்க விடுறது 24,000 தான்.

பி.எஃப்-ஐ மட்டும் தொடவே தொடாதீங்க. நானும் வார்டுல நின்னு ரிட்டயர் ஆனவ தான், என்கூட நைட் டூட்டி பார்த்த எத்தனையோ பேர் ஒவ்வொரு தடவை மாறும்போதும் ஃபார்ம் 10சி போட்டு எடுத்துட்டு இப்ப கஷ்டப்படுறத பார்க்கும்போது மனசு கேட்க மாட்டேங்குது. அந்த ஃபார்ம்ல வர்றது பென்ஷன் பணம். எடுத்தா அந்த சர்வீஸே அழிஞ்சுடும். பென்ஷன் கணக்கு என்னன்னா, கடைசி 60 மாச சராசரி சம்பளத்த (15,000 தான் உச்சவரம்பு) சர்வீஸால பெருக்கி 70-ஆல வகுக்கணும். இந்த வேலையிலேர்ந்து விடாம 58 வரைக்கும் கணக்கு போட்டா உங்களுக்கு 19 வருஷம், இதே பேசிக்ல மாசம் சுமார் 3,250. பழைய 14 வருஷமும் இருந்திருந்தா 33, இருபதை தாண்டினா 2 வருஷம் போனஸ் வேற, மாசம் 6,000 வந்திருக்கும். போனது போகட்டும், இதையும் விட்டுடாதீங்க, யு.ஏ.என் நம்பரை (வேலை மாறினாலும் மாறாத உங்க பி.எஃப் நம்பர்) புது இடத்துல குடுத்து கணக்கை மாத்திக்குங்க.

அந்த புது இடத்துல பி.எஃப் பிடிக்கிறாங்களான்னு முதல்ல கேளுங்க, 20 பேருக்கு கம்மியா உள்ள சின்ன நர்சிங் ஹோம்னா பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல. அப்படின்னா அந்த 3,000-க்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

காலேஜ் ஃபீஸுக்கு கல்விக்கடன் வாங்குங்க, 4 லட்சம் வரைக்கும் பேங்க்ல அடமானம் கேட்கக் கூடாது. பொண்ணு சம்பாதிச்சு கட்டுவா, ஆனா உங்க வயசான காலத்துக்கு யாரும் லோன் தர மாட்டாங்கம்மா.

கூட வர்ற 3,000-ல 2,000-ஐ போஸ்ட் ஆபீஸ்ல பி.பி.எஃப்-ல (நாமளே போடுற நீண்ட கால சேமிப்பு, பி.எஃப் வேற இது வேற) போடுங்க. 7.1 சதவீத வட்டி அப்படியே இருந்தா 15 வருஷத்துல, அதாவது உங்க 59 வயசு வாக்குல, 6 லட்சத்துக்கு மேல நிக்கும். இடுப்பு வலி வந்து 50 வயசுலயே வார்டை விட்ட நர்ஸுங்கள நான் பார்த்திருக்கேன், அதனால அடுத்த இன்க்ரிமென்ட் வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க.

இன்னொண்ணு, கல்யாணத்துக்கப்புறம் இனிஷியல் அப்பா பேர்லேர்ந்து வீட்டுக்காரர் பேருக்கு மாறியிருக்கும். ஆதார்லயும் யு.ஏ.என்-லயும் ஒரே மாதிரி இருக்கான்னு இந்த வாரமே பாருங்க, இல்லன்னா இப்ப வேலை பார்க்குற ஆஸ்பத்திரி ஹெச்.ஆர்-கிட்ட சொல்லி வெளிய வர்றதுக்குள்ள சரி பண்ணிடுங்க.