கணப்படுப்பு, விறகடுப்பு, சுவரில் ரிவி: வாசகர் கேள்விகள்

லண்டனில் மகன் பழைய வீடு ஒன்று வாங்கியிருக்கிறார். ஹோல் சுவரில் குளிருக்கு நெருப்பு மூட்டும் கணப்படுப்பு இருக்கிறது. அதை அடைத்து ரிவியும் மற்றச் சாமான்களும் வைக்கப் போகிறாராம். ஒரு நாளில் முடித்துத் தருவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
*தாய் ஒருவர், முள்ளியவளை*

இப்போது வேண்டாம் அம்மா. முதலில் அந்த அடுப்பில் காஸ் பூட்டியிருக்கிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பல பழைய கணப்படுப்புகளில் விறகுக்குப் பதிலாகக் காஸ் நெருப்பு வைத்திருப்பார்கள். கூலிக்கு அதைக் கழற்றுபவர் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 முதல் பிரித்தானியாவில் அதுதான் சட்டப்படியான பதிவு. பதிவு அட்டையைக் காட்டச் சொல்லலாம், காட்டுவார்கள்.

அடுத்தது புகைக்கூடு. மேலும் கீழும் இறுக்கி அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கும். பழைய புகைக்கரி அந்த ஈரத்தோடு ஊறி, புதுப் பூச்சில் பழுப்புக் கறையாக வந்து நிற்கும். உச்சியில் மழை இறங்காமல் காற்று மட்டும் போகிற மூடி வேண்டும், கீழே அடைத்த இடத்தில் ஒரு காற்றுத் துவாரம் வேண்டும். இடம் போதாதென்று புகைக்கூட்டுச் சுவரையே இடிக்க நினைத்தால் அது வேறு வேலை. கட்டட விதிகளின்படி அனுமதி எடுக்க வேண்டும். அயல் வீட்டோடு பொதுச் சுவரென்றால் 1996 ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அயலவருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். இவற்றில் ஒன்றையும் வாயெடுத்துச் சொல்லாமல் "ஒரு நாள்" என்பவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. குசினியை ஹோலோடு சேர்த்துவிட்டோம். இப்போது காஸில்தான் சமையல். சும்மா கிடக்கும் விறகடுப்புத் திட்டுக்கு மேலே 55 அங்குல ரிவியும், அடுப்புக் குழிக்குள் டிஷ் பெட்டி, ஸ்பீக்கர், வைஃபை பெட்டியும் வைக்க ஆசை. புகைக்கூட்டை இடிக்கவா, விடவா?
*குடும்பத்தலைவர், தருமபுரம்*

இடிக்கவே வேண்டாம் அண்ணை. 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். அந்த மாதங்களில் வன்னியில் சோறு வெந்தது விறகில்தான். புகைக்கூடு நிற்கட்டும். உச்சியில் தகட்டு மூடி போட்டு, பக்கங்களுக்கு அணிலும் வௌவாலும் நுழையாதபடி கம்பிவலை அடியுங்கள். கீழே கழற்றக்கூடிய பலகையால் மறையுங்கள், சீமெந்து வைத்துக் கட்ட வேண்டாம்.

கரியை நன்றாகச் சுரண்டி எடுக்காமல் பெயின்ற் அடித்தால் அது மேலே வரும். மேசன் "ரெண்டு கோட் அடிச்சாச் சரி" என்பார். சரிவராது.

இனி உயரம். அடுப்புத் திட்டு இரண்டரை அடி என்றால், அதற்கு மேலே ரிவியைப் பூட்டும்போது திரையின் நடு நான்கு அடிக்கு ஏறிவிடும். கதிரையில் இருக்கிற ஆளின் கண் ஏறக்குறைய மூன்றரை அடியில். பாயில் இருந்து பார்க்கிற பிள்ளைகளுக்குக் கழுத்து என்னாகும்? பக்கத்துச் சுவரில் தாழ்வாகப் பூட்டி, அடுப்புக் குழியைச் சாமான்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குழிக்கு மரக் கதவு போட்டால் டிஷ் பெட்டிக்கு ரிமோட் வேலை செய்யாது, சூடும் வெளியே போகாது. வைஃபை பெட்டியை அதற்குள் வைக்க வேண்டாம், வெளியே உயரத்தில் வையுங்கள். ரிவியின் மின்வயரை வெட்டி, நீட்டி, சுவருக்குள் புதைக்க விடாதீர்கள். ரிவிக்குப் பின்னாலேயே எர்த் உள்ள 13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்று போடச் சொல்லுங்கள். டிஷ் பெட்டியிலிருந்து ரிவிக்குப் படமும் சத்தமும் கொண்டுபோகிற எச்டிஎம்ஐ வயருக்கு அதன் தலை புகுந்து வரக்கூடிய குழாய் தனியாக வேண்டும். கறையான் வருகிற வீடென்றால் பின்பலகைக்குச் சிப்போட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) போட வேண்டாம்.

65 அங்குல ரிவி வாங்கிவிட்டேன். சுவரின் அகலம் 4 அடி. என்ன செய்யலாம்?
*பரந்தன்*

65 என்பது மூலைக்கு மூலை. அகலம் ஏறக்குறைய 57 அங்குலம், அதாவது 4 அடி 9 அங்குலம். வாங்க முதல் அளந்திருக்க வேண்டும். பெட்டி பிரிக்கவில்லையென்றால் இன்றைக்கே பில்லோடு கடைக்குப் போங்கள்.

கடைக்காரர் இலவசமாகப் பூட்டித் தந்த ரிவி மூன்றாம் வாரம் சுவரோடு கழன்று விழுந்து உடைந்தது. "உங்கட சுவர் சரியில்லை, உத்தரவாதத்தில் வராது" என்கிறார்கள்.
*ஆசிரியை, ஒட்டுசுட்டான்*

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த "இலவசப் பூட்டல்" பற்றி வருகிற முறைப்பாடுகள் ஒரே மாதிரி. ரிவியை இறக்குகிற பெடியனே துளைபோடுகிறான். கையில் ஒரு ட்ரில்லும், பெட்டியோடு வந்த நாலு பிளாஸ்டிக் றோல் பிளக்கும் (ஆணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகுவது). சுவர் எதால் கட்டியது என்று கேட்பதில்லை. இங்கே பல வீடுகளின் கல், சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டி அரிந்த கல். ட்ரில் வைத்தால் மாவாகக் கொட்டும், துளை பெரிதாகும், பிளக் உள்ளே சுழலும். இறுக்கினால் விரிகிற போல்ட்டைப் போட்டாலும் அந்தக் கல் வெடிக்கும். அப்படிப்பட்ட சுவருக்கு மறுபக்கம் வரை துளைத்து, தகடு வைத்து நட் போட்டு இறுக்க வேண்டும். இல்லையென்றால் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். "இந்தச் சுவரில் பூட்ட ஏலாது" என்று சொல்வதும் வேலை தெரிந்தவரின் கடமைதான்.

ரிவியைச் சுவரில் பிடிக்கிற தாங்கியிலும் ஏமாற்று நடக்கிறது. வெளியே இழுத்துத் திருப்புகிற கையுள்ள தாங்கி ஒன்றை நானும் மலிவென்று வாங்கினேன். பெட்டியில் 40 கிலோ என்று எழுதியிருந்தது. அதில் பாதிகூட இல்லாத ரிவியைத் தொங்கவிட்டு இழுத்ததும் தகடு வளைந்தது. கை நீள நீள மேல் போல்ட்டில் இழுவை கூடும். அதற்குத் தடித்த இரும்பு வேண்டும், மெல்லிய தகடு தாங்காது. சுவரோடு ஒட்டி நிற்கும் சாதாரணத் தாங்கி உங்களுக்குப் போதும். ரிவியின் பின்னால் உள்ள நான்கு துளைகளின் இடைவெளியை, 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீற்றர் என்று, அளந்துகொண்டு போய் வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை ஏற்க வேண்டாம். ரிவிக்கான உத்தரவாதம் வேறு, பூட்டிய வேலை வேறு. 2003 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வியாபாரமாகச் செய்கிற சேவையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். ரிவியை விற்கும்போது பேசிக்கொண்ட பூட்டல் அது, அந்த அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதும்போது அதையும் விற்பனையின் பகுதி என்றே எழுதுங்கள். சுவர்த் துளைகளையும், கழன்று வந்த பிளக்குகளையும், விழுந்த ரிவியையும் படம் எடுங்கள். சுவரைப் பூசிவிடாதீர்கள்.

மின்னலில் ரிவி போனால் உத்தரவாதம் உண்டா?
*நெடுங்கேணி*

பெரும்பாலும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தை வாசியுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி முழங்க முதல் பிளக்கையும் டிஷ் வயரையும் கழற்றி வையுங்கள்.

வான் வண்டியில் கொண்டுவந்து "4கே" என்று சொல்லி 43 அங்குல ரிவி தந்தார்கள். நான் தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவள், தையல் காசில் தவணை கட்டுகிறேன். மருமகன் பார்த்துவிட்டு இது 4கே இல்லை என்கிறார். பெட்டியில் "4கே சப்போர்ட்" என்று இருக்கிறது.
*விசுவமடு*

மருமகன் சொல்வது சரியாக இருக்கலாம். 4கே திரையில் 3840க்கு 2160 புள்ளிகள் இருக்கும். "சப்போர்ட்" என்று மட்டும் எழுதினால் 4கே படத்தை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்பதுதான் பெரும்பாலும் பொருள். திரை 1920க்கு 1080 ஆகவோ அதிலும் குறைவாகவோ இருக்கலாம். பின்பக்க ஒட்டியில் உள்ள மொடல் இலக்கத்தைப் போட்டு, தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டு வாங்கியதில் பிழை இல்லை அக்கா. இல்லாத தரத்தை இருக்கிறதென்று சொல்லி விற்பதுதான் சட்டப்படி குற்றம். வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யுங்கள். அது எழுத்தில் இருக்க வேண்டும், விற்று மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், ஆகவே நாளைக் கடத்தாதீர்கள். அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள், அல்லது கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அதிகார சபைப் பிரிவுக்குப் போங்கள். பெட்டியின் படம், ஒட்டியின் படம், தவணைத் துண்டுகள், வானின் இலக்கம் தெரிந்தால் அதுவும் கொண்டு போங்கள். பில் தராதிருந்தால் இப்போது கேளுங்கள், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். தவணையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் அவர்கள் உங்கள் கடனைப் பற்றியே பேசுவார்கள். அடுத்த முறை காசு எடுக்க வரும்போது மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கையெழுத்தோடு துண்டு வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.