தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றிக் கிடக்கும் பழைய டயர்களை மறுசுழற்சி செய்வது என்றால் என்ன? உருக்கிப் புது டயர் செய்வதா?

இல்லை. பெரும்பாலும் கம்பியைப் பிரித்தெடுத்து, ரப்பரைக் குருணையாக அரைத்து, தரைவிரிப்பு, பாதைத் தார் போன்றவற்றில் சேர்ப்பதுதான் மறுசுழற்சி. காரணம், டயர் செய்யும்போது ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்குவார்கள் (1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டது இது), அப்போது உள்ளே விழும் பிணைப்பு லேசில் அவிழாது. காலையில் சுடுகிற ரொட்டி மாதிரி. சுட்ட ரொட்டியைத் திரும்ப மாவாக்க முடியுமா? பிய்த்துத் தூளாக்கலாம், அவ்வளவுதான்.

சரி, ஹட்டன், பதுளைப் பக்கத் தோட்டங்களில் அரைக்கும் மெஷினுக்கு எங்கே போவது? அரைக்காமலே பயன்படுத்தலாம். சரிவில் லயத்துக்கு ஏறும் வழியில் டயர்களைப் பதித்து, மண்ணை நிரப்பி இறுக்கமாக இடித்தால் நல்ல படிக்கட்டு, மழைக்கு மண்ணும் அவ்வளவாகக் கரையாது. ஆனால் உயரமான மண்மேட்டைத் தாங்க இதை நம்பாதீர்கள், அதற்கு விஷயம் தெரிந்தவர் வந்து பார்க்கவேண்டும். பூச்செடி வைப்பதென்றால் அடியில் ஓட்டை போடுங்கள். எரிக்க மட்டும் வேண்டாம், லயத்தில் வீடுகள் ஒட்டியிருக்கின்றன, அந்தக் கரும்புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும்.

அப்புறம், டயரில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் டெங்கு நுளம்பு ஒழிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; அதன் முட்டை உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபடியே பல மாதம் தாங்கி, அடுத்த மழையில் பொரிக்கும், அதனால் உள்ளே தேய்த்துக் கழுவவேண்டும்.