சீல் மாற்றத் தெரிந்த பெண்ணும் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டும்

அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை, பிளஸ் டூ முடித்த மகளுடன் சென்ற வாரம் வந்திருந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடுங்கள் என்று சித்தப்பாவும் அத்தையும் நெருக்குவதால், இரண்டு ஏக்கர் நிலத்தை அடகு வைக்கலாமா என்று கேட்டார். வைக்கக் கூடாது, ஐயா. கணினியில் துளியும் நாட்டமில்லாத பிள்ளைக்காக நிலத்தை வட்டிக்குத் தின்னக் கொடுப்பது எந்த வகையிலும் சரியாகாது.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள், தாய்மாமன் பட்டறையில் ஜேசிபியின் ஹைட்ராலிக் சிலிண்டரை, அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் உருளையைப் பிரித்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை மாற்றிய விதத்தை என் மேசைமேல் விரலால் வரைந்து காட்டினாள். அதே வேலை விமானத்திலும் இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 விமானத்தில் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. சதுர அங்குலத்துக்குச் சுமார் 3000 பவுண்டு அழுத்தத்தில் அவைதாம் சக்கரங்களை இறக்கி, பிரேக் பிடித்து, இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப் தகடுகளை நீட்டுகின்றன. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடையே எண்ணெய் கலக்காமல் சக்தியை மட்டும் கடத்தும் ஒரு கருவியும் உண்டு. பயணிகளின் காலடியில் நாய் குரைப்பதுபோல் கேட்பது அதன் சத்தமே.

பட்டறையில் அவள் தொட்டது கனிம எண்ணெய். பயணிகள் ஜெட் விமானங்களில் பெரும்பாலும் ஊற்றப்படுவது, எளிதில் தீப்பற்றாத, ஸ்கைட்ரால் போன்ற ஊதா நிற பாஸ்பேட் எஸ்டர் திரவம். அது தோலில் பட்டால் எரியும், கண்ணில் தெறித்தால் கடும் வேதனை தரும், சாதாரண பெயின்ட்டையும் அரித்துவிடும். கனிம எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர் சீல், இதற்கு எத்திலீன் புரொப்பிலீன் சீல். மாற்றிப் போட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துக் கசிவில் முடியும். இரண்டும் கறுப்பு வளையங்களாக இருந்தால் எப்படிப் பிரித்தறிவது என்று அவள் உடனே கேட்டாள். பார்ட் நம்பரைப் பார்க்காமல் எதையும் பொருத்தக் கூடாது என்பதே விடை. முப்பது நிமிடங்களில் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்பதை நீங்கள் கவனித்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் போகும் வழி, இந்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வழங்கும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம். அவளுக்குப் பொருந்துவது, டர்பைன் எஞ்சின் விமானங்களின் இயந்திர வேலைக்கான பி1.1 பிரிவு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருந்தால் பயிற்சியில் சேரலாம். ஆனால் பயிற்சி நிலையம் தரும் சான்றிதழே உரிமம் ஆகிவிடாது; பாடப்பிரிவு வாரியாக டிஜிசிஏ தேர்வுகளில் தேர்ச்சி பெற்று, விமானத்தில் வேலை செய்த அனுபவத்தையும் காட்ட வேண்டும். பெண் பிள்ளைக்குக் கிரீஸ் வேலையா என்று கேட்கும் உறவினர்கள் இந்தத் தேர்வுகளையோ கட்டணத்தையோ சுமக்கப் போவதில்லை.

இதுவும் மலிவான படிப்பு அல்ல. இதற்காகவும் நிலத்தைத் தொடாதீர்கள். டிஜிசிஏ அங்கீகாரப் பட்டியலில் இல்லாத நிலையத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். மொத்தக் கட்டணம் எவ்வளவு, செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். வேலைக்கு உத்தரவாதம் என்று பேசத் தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த முறை வரும்போது அவளுடைய மதிப்பெண் பட்டியலை மட்டும் கொண்டு வாருங்கள்; பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.