"சர்ச்சுக்குப் போனயா கண்ணு?"

கேள்வி: எங்களுக்குச் சோமனூர் பக்கம். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். சி.எஸ்.ஐ. சபை. மகனுக்கு 24 வயது, பெங்களூரில் வேலை. ஞாயிறு மதியமானால் போன் போட்டு, "சர்ச்சுக்குப் போனயா கண்ணு?" என்பேன். "போனேன்ம்மா" என்பான். கூடத் தங்கியிருக்கும் பையனிடம் விசாரித்தால், ஒரு வருடமாகவே போவதில்லையாம். சம்பளத்தை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, சீக்கிரம் கல்யாணத்தையும் முடித்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டுங்க?

பதில்: சகோதரி, அவன் சர்ச்சுக்குப் போகாததை விட, ஐம்பது ஞாயிறாக உங்களிடம் பொய் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. உங்கள் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் செல்லும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதையே சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கிறான்.

அவனுடைய திடப்படுத்தல் ஆராதனையை நினைத்துப் பாருங்கள். ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் கொடுத்த வாக்கை, அன்றைக்கு அவனே தன் வாயால் ஏற்றுக்கொண்டு பேராயர் முன் முழங்காலிட்டான். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்து, முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். விசுவாசக் கணக்கு அன்றே அவன் பெயருக்கு மாறிவிட்டது. நாம்தான் பழைய பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரவு செலவு கேட்கிறோம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒன்று தெரியும். பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். பார்க்காமல் ஓட்டினால் துணி நீளத்துக்கும் பழுதுதான். அதனால் முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியை நிறுத்துங்கள். பிறகு, அவன் அவசரத்தில் இல்லாத ஒரு ராத்திரி பேசுங்கள். "கண்ணு, நீ சர்ச்சுக்குப் போறதில்லைன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாம உன் சிநேகிதன்கிட்ட விசாரிச்சது என் தப்பு. இனிமேல் கேட்க மாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்கறேன்." அவ்வளவு போதும். அழுகையை அதில் சேர்க்க வேண்டாம், வசனத்தையும்தான். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்ற கொலோசெயர் 3:21-ஐ வேண்டுமானால் நீங்கள் இருவரும் படித்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் அதற்கு முந்தின வசனத்தைத்தான் பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைப்போம்!

சம்பளம் வேறு விஷயம். தறிக் கடனுக்கோ வீட்டுச் செலவுக்கோ தேவையிருந்தால் மாதம் இவ்வளவு என்று வெளிப்படையாகக் கேளுங்கள், தப்பில்லை. சர்ச்சுக்குப் போகாததற்குத் தண்டனையாகக் கேட்காதீர்கள். கல்யாணப் பேச்சு கண்டிப்பாக வேண்டாம். மூன்று ஞாயிறு சபையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டால் விசுவாசம் தானாக வந்துவிடுமா? வருகிற பெண் பாவம்.

லீவுக்கு வந்தால், சனிக்கிழமை ராத்திரியே, "நாங்க எட்டரை மணிக்குக் கிளம்பறோம், வர்றதுன்னா வா" என்று ஒரு தடவை சொல்லுங்கள். தூங்கினால் தூங்கட்டும். சாப்பாட்டு மேசையில் குடும்ப ஜெபம் வழக்கம்போல நடக்கட்டும். அவன் பெயரைச் சொல்லிக் குத்திக்காட்டும் ஜெபமாக மட்டும் இருக்கக் கூடாது.

பழைய திருச்சபையின் பெரிய போதகர் அகுஸ்தீனின் அம்மா மோனிக்காவை நம் சபைகளில் அதிகம் பேசுவதில்லை. 383-இல் கார்த்தேஜ் துறைமுகத்தில், நண்பனை வழியனுப்ப வந்ததாகப் பொய் சொல்லிவிட்டு, அம்மாவைக் கரையிலேயே விட்டு ராத்திரியோடு ராத்திரியாக ரோமுக்குக் கப்பலேறியவர் அகுஸ்தீன். அதற்கும் முன்பே, மகனிடம் பேசிப் புத்தி சொல்லுங்கள் என்று மோனிக்கா கெஞ்சியபோது ஒரு பேராயர் மறுத்துவிட்டார்: அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் பண்ணு என்றார். 387-இல் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். உங்கள் மகனும் நாலு வருடத்தில் திரும்புவான் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

அடுத்த ஞாயிறு போனில் என்ன பேசுவது என்று முழிக்காதீர்கள். என்ன சமைத்தான், மேலதிகாரி எப்படி என்று கேளுங்கள். அவன் "நீங்க சர்ச்சுக்குப் போனீங்களாம்மா?" என்று கேட்டால், அன்றைக்குப் பிரசங்கம் எப்படி இருந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். தூக்கம் வந்திருந்தால் அதையும்தான்.