இருபது வருஷப் பழைய சிவப்பு ஒயினை ஊட்டிக் குளிரில் எப்படிச் சுவைப்பது?

எட்டுப் பேர், 2005ஆம் ஆண்டு போர்தோ (பிரான்ஸின் போர்தோ வட்டாரச் சிவப்பு ஒயின்) ஒரு பாட்டில், ஊட்டியில் ஒரு சாயங்காலம் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல தேர்வு. முதலில் பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். மலைப்பாதையில் குலுங்கி வந்ததென்றால் இரண்டு நாளாவது அப்படியே நிற்கட்டும். டானினும் (ஒயினுக்குத் துவர்ப்பு தரும் பொருள்) நிறமியும் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் வண்டலாகப் படிந்திருக்கும். கெடுதல் இல்லை, ஆனால் வாயில் கசந்து நறநறக்கும்.

பழைய கார்க் உதிரும், அவசரம் வேண்டாம். அப்புறம் பாட்டில் கழுத்துக்குப் பின்னால் டார்ச் வைத்து, கை எடுக்காமல் ஒரே சீராக ஒரு கண்ணாடி ஜாடிக்கு ஊற்றுங்கள். கறுப்பாக ஓர் இழை கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள்.

ஊட்டியில் ராத்திரி அறையே சில்லிட்டுப் போகும். அந்தக் குளிரில் மணம் எழும்பாது, துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். 16 முதல் 18 டிகிரி சரி. அதற்காகக் கணப்பருகே வைக்காதீர்கள். கோப்பையை உள்ளங்கையில் ஏந்தினாலே போதும். தயவுசெய்து யாரும் தைலம் தடவிக்கொண்டு வர வேண்டாம், ஒயின் மணம் அதில் அமுங்கிவிடும்!

750 மில்லியில் ஆளுக்கு 90 மில்லி வரும். வெள்ளைத் தாளின் மேல் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். பழவாசனை அடங்கி, பதனிட்ட தோல், புகையிலை, காளான், மழை நனைத்த சோலைக்காட்டுத் தரை போன்ற வாசனைகள் வரலாம். முதல் வாய்க்குப் பிறகு பேசாமல் தோன்றியதை எழுதுங்கள். ஒருவர் சொல்லிவிட்டால் எல்லார் மூக்கிலும் அதுவே வரும்.